சரவாங்கியும் மலைக்குளிரும்: புதிதாக நோய் தெரிந்தவர்களுக்கு

என்னை முதலில் காட்டிக்கொடுத்தது சாக்பீஸ். கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. காலை முதல் பீரியடில் சாக்பீஸைப் பிடித்தால் விரல் மடங்காது. பதினொன்றரை வாக்கில் ஒன்றுமே நடக்காததுபோல எழுத வரும். அது மார்கழி மாதம். "குளிருங்க டீச்சர், எல்லாருக்கும் இருக்கறதுதான்" என்றார்கள். நானும் நம்பி இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நம் பாட்டிகள் சரவாங்கி என்று சொன்ன முடக்குவாதம் அது, டாக்டர்கள் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, ஆளை மாற்றி நம் மூட்டுச் சவ்வையே அடிக்கிற நோய். உடம்பு தன்னையே அடிக்கும் இந்த ஆட்டோ இம்யூன் நோய்க் குடும்பத்தில் ஹாஷிமோட்டோ தைராய்டு, தோலையும் மூட்டையும் உள்ளுறுப்புகளையும் தாக்கும் லூபஸ், சொரியாசிஸ், கோதுமை ஒத்துக்கொள்ளாத சீலியாக் என்று நிறைய உறவினர்கள் உண்டு.

நான் டாக்டர் இல்லை. 11 வருஷமாக மாத்திரை போடுகிறவள். கோத்தகிரி, குன்னூர், ஊட்டி பக்கம் யாருக்காவது புதிதாக இந்த நோய் என்று தெரிந்தால், எங்கெங்கோ சுற்றி என்னிடம் வந்து கேட்கிறார்கள், "டீச்சர், என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாது?" அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு, ஆனால் அது நான்காவதாகத்தான் வரும்.

முதல் வேலை: என்ன நோய் என்று பெயர் தெரிந்துகொள்வது

தேய்மானத்தால் வரும் மூட்டுவலியில் காலை விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் போகும். இரண்டு கையிலும் ஒரே இடத்தில், சின்ன மூட்டுகளில் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். ரத்தத்தில் வீக்கத்தின் அளவைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., இந்த நோயின் அடையாளத்தைத் தேடும் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. பார்ப்பார்கள். ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் என்று ஒரு வரியைப் பார்த்ததும் அழாதீர்கள். நோயே இல்லாதவர்களுக்கும் அது பாசிட்டிவாக வரும், நோய் உள்ளவர்களில் சிலருக்கு நெகட்டிவாகவும் வரும். கையைத் தொட்டு அழுத்திப் பார்க்கிற டாக்டரின் கணிப்பும் சேர்ந்தால்தான் முடிவு.

இதற்கென்று உள்ள ருமட்டாலஜிஸ்ட்டைப் பார்க்க மலையிலிருந்து பெரும்பாலும் கோயம்புத்தூர்தான் இறங்க வேண்டியிருக்கிறது. அங்கே ஒரு சிக்கல் உண்டு. காலை ஆறு மணிக்கு உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருக்கும் விரல், பஸ் ஏறி மேட்டுப்பாளையம் தாண்டி டாக்டர் முன்னால் உட்காரும்போது வடிந்து போயிருக்கும். அதனால் எழுந்தவுடன் இரண்டு கையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். முஷ்டி மடக்கினால் எதுவரை மடங்குகிறது என்பதையும் எடுங்கள். என் டாக்டர் என் வாய்ப்பேச்சைவிட அந்தப் படங்களைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

இரண்டாவது: மாத்திரையை விடாமலிருப்பது

சாப்பாட்டுக்கு முன்னால் இதைச் சொல்லக் காரணம் என் இடது மணிக்கட்டு. இரண்டாவது வருஷம், உணவாலேயே குணமாக்கலாம் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தினேன். பழம், கஞ்சி, கீரைச் சாறு. ஆறு வாரம் பறந்தேன். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்த மருந்தின் வேலை மெல்லத்தான் தேய்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. நான்காவது மாதம் மணிக்கட்டு வீங்கியது. எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருந்தது. அரித்த எலும்பு திரும்ப வளராது. இன்றைக்கும் அந்தக் கையால் தோசைக்கல்லைத் தூக்க முடியாது. சாப்பாடு வலியைக் குறைக்கலாம், உடம்பைத் தேற்றலாம். அரிப்பை நிறுத்துவது மருந்து.

பலருக்கும் முதலில் எழுதித் தருவது மெத்தோட்ரெக்ஸேட். இதை வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போட வேண்டும். தினமும் போட்டு உயிருக்கே ஆபத்தானவர்கள் உண்டு. ஆகவே ஒரு கிழமையைப் பிடித்துக்கொள்ளுங்கள். எனக்கு ஞாயிறு ராத்திரி, சாப்பாட்டுக்குப் பிறகு. குமட்டல் தூக்கத்திலேயே போய்விடும். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வேறொரு நாளில் தருவார்கள். அது இந்தக் குமட்டலையும் வாய்ப்புண்ணையும் குறைக்கத்தான், சத்து மாத்திரைதானே என்று விட்டுவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை ஆரம்பத்தில் சில வாரத்துக்கு ஒரு முறை, பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. ரத்த அணுக்களையும் ஈரலையும் கிட்னியையும் அதில் பார்ப்பார்கள். சளி, மூத்திரக்கடுப்பு என்று மருந்துக் கடையில் போய் நின்றால் "நான் மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் ஒன்று இதோடு சேர்ந்தால் ரத்த அணுக்களைத் தட்டிவிடும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் பெண்கள் அதற்கு மாதங்களுக்கு முன்பே டாக்டரிடம் பேசிவிட வேண்டும். சாராயமும் இதுவும் ஒரே ஈரலுக்குத்தான் போகின்றன. குளிருக்கு ஒரு பெக் என்று சொல்லும் அண்ணன்மார்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முடக்குவாதத்துக்கும் லூபஸுக்கும் தரும் இன்னொரு மருந்தான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் போடுகிறவர்கள் கண் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. ஸ்டீராய்டு போடுகிறவர்கள் ஒரே நாளில் நிறுத்தக் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டீராய்டைத் தவிர, நோயை அடக்கும் இந்த மருந்துகள் வேலை செய்ய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் பிடிக்கும், சிலவற்றுக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை வலி மாத்திரை கைகொடுக்கும், ஆனால் அது வயிற்றையும் கிட்னியையும் சுரண்டுகிற உதவி.

தைராய்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் கண் விழித்ததும் கை தேடுவது டீ டம்ளரைத்தான். தைராக்ஸின் மாத்திரை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போக வேண்டும். டீ அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகள் நான்கு மணி நேரம் தள்ளி. "மாத்திரை கேட்கவே மாட்டேங்குது" என்று புலம்பிய ஒரு பக்கத்து வீட்டு அக்கா, டீயைத் தள்ளிப் போட்டதோடு சரியானார்.

மூன்றாவது: ஒரு நோட்டு

பள்ளிக்கூட நோட்டு போதும். தினமும் ஒரு வரி எழுதுங்கள். காலை விறைப்பு எத்தனை நிமிஷம், வலி பத்துக்கு எத்தனை, தூக்கம் எப்படி, வழக்கத்துக்கு மாறாக என்ன சாப்பிட்டோம், என்ன வேலை செய்தோம். முதல் நான்கு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள். அதற்குப் பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

இதில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். ஒரே திங்கட்கிழமையில் சர்க்கரை, பால், கோதுமை, கத்தரிக்காய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, யோகாவும் தொடங்குகிறார்கள். கொஞ்சம் நன்றானால் எதனால் என்று தெரியாது, மோசமானாலும் தெரியாது. இந்த நோய் எதுவும் செய்யாமலே ஏறும், இறங்கும். நோட்டு இல்லாவிட்டால், தானாக இறங்கியதை நேற்றுக் குடித்த கஷாயத்தின் கணக்கில் எழுதிவிடுவோம்.

என் நோட்டு காட்டியதைச் சொல்கிறேன். உருளைக்கிழங்கு வாயு, தக்காளி ஆகாது என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். இரண்டுக்கும் என் விறைப்புக்கும் தொடர்பே இல்லை. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய ராத்திரிக்கு மறுநாள் விறைப்பு இரண்டு மடங்கு. பரீட்சைத் தாள் திருத்தும் மாதம் முழுக்க மோசம். உங்கள் நோட்டு வேறு கதை சொல்லலாம்.

நான்காவது: தட்டு

கடைசியில் வந்துவிட்டோம். கடல்தாண்டி வரும் விதை, பொடி எதையும் வாங்க வேண்டாம். காய்கறி, பருப்பு, முழுத்தானியம், மீன், நல்ல எண்ணெய் அதிகமாகவும் மாவு, சர்க்கரை, பொரித்தது குறைவாகவும் உள்ள சாப்பாடு முடக்குவாதக்காரர்களுக்குக் கொஞ்சம் நிம்மதி தருவதாக ஆராய்ச்சிகளில் தெரிந்திருக்கிறது. நம் சந்தையிலேயே அதில் முக்கால்வாசி கிடக்கிறது.

டீயிலிருந்து தொடங்கலாம். நாளைக்கு ஆறு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பன்னிரண்டு ஸ்பூன், கிட்டத்தட்ட 50 கிராம். ஒரு ஆளுக்கு ஒரு நாளின் உச்ச வரம்பே டீயில் முடிந்துவிட்டது. நான் டீயை விடச் சொல்லவில்லை. நீலகிரியில் இருந்துகொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வராது. சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்குக்குத் தெரியாமல் இறங்கும். சாப்பாட்டோடு டீ குடிக்காதீர்கள், ஒரு மணி நேரம் கழியட்டும். இந்த நோயில் ரத்தசோகை சகஜம், டீ சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தட்டில் ஒரு துண்டு நெல்லிக்காயோ எலுமிச்சையோ இருந்தால் நேர்மாறாக உதவும்.

வர்க்கி, டீயோடு கடிக்கிற மொறுமொறு பிஸ்கட். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ஊர்ப் பெருமைதான், ஆனால் மைதாவும் கொழுப்பும்தான் அது. விருந்தாளி வந்தால் ஒன்று. தினமும் நான்கு டீக்கு நான்கு வர்க்கி என்பது இனி வேண்டாம்.

ராகி நமக்குப் பழைய சொந்தக்காரன். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஸ்டீராய்டால் எலும்பு தேயும் ஆட்களுக்கு இதைவிட மலிவான சாப்பாடு இல்லை. படகர் வீடுகளில் களியோடு அவரைக் குழம்பு வைக்கிறார்களே, புரதமும் நாரும் கால்சியமும் ஒரே தட்டில். அதைப் பழைய காலத்துச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு ஓட்ஸ் பாக்கெட் தேடுகிறோம். சாமை, தினை எதுவானாலும் சரி. கேரட், பீட்ரூட், பீன்ஸ், பட்டாணி, நூல்கோல், கீரை, சீசனில் பிளம்ஸ், பேரி, மரத்தக்காளி, பட்டர் ஃப்ரூட் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். தோட்டத்துக் காயை நன்றாகக் கழுவுங்கள். மருந்து எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கிறது, மண்ணும் பூச்சிமருந்தும் ஒட்டிய பச்சைக் காயைக் கடிப்பது நமக்குச் சரிப்படாது.

மீன் சாப்பிடுகிறவர்கள் வாரம் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ வாங்குங்கள். கேரளக் கரையிலிருந்து மலைக்கு ஏறி வருகிற இந்தச் சின்ன மீன்களில்தான் வீக்கத்தைத் தணிக்கும் ஒமேகா கொழுப்பு நிறைய. பொரிக்காமல் குழம்பு வையுங்கள். சைவக்காரர்களுக்கு வறுத்துப் பொடித்த ஆளி விதை, அக்ரூட். மீன் அளவுக்கு வராது, இருந்தாலும் நல்லது.

கோதுமையை நிறுத்திப் பார்க்க நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் பொறுங்கள். சீலியாக் இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனை, கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும். விட்டுவிட்டுப் போய்ச் செய்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று வரும். முதலில் பரிசோதனை, பிறகு சப்பாத்திக்கு விடை. சீலியாக் என்று உறுதியானால் பிறகு துளிகூடக் கூடாது. பெருங்காயத் தூளில்கூடக் கோதுமை மாவு கலந்திருக்கும், டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் விளையும் மண்ணிலிருந்துகொண்டு தைராய்டு என்பதால் அவற்றைத் தொடாமல் இருக்கிறார்கள் சிலர். வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் பயமில்லை. அயோடின் உப்பு போதும். அதற்கு மேல் அயோடின் சொட்டு, கடல்பாசி மாத்திரை என்று போனால் ஹாஷிமோட்டோ கிளறப்படும்.

மற்றபடி எந்தச் சாப்பாட்டின் மேல் சந்தேகம் இருக்கிறதோ அதை மூன்று வாரம் விடுங்கள், பிறகு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடுங்கள். நோட்டைப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். ஆறேழு சாப்பாட்டை நிரந்தரமாக வெட்டிவிட்டு எலும்பும் தோலுமாக நிற்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன், நோய் அவர்களை விட்டுவிடவில்லை.

ஐந்தாவது: குளிர்

குளிரால் இந்த நோய் வருவதில்லை. விறைப்பு கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். "கீழே இறங்கிடுங்க" என்றார்களே என்று மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டில் இரண்டு மாதம் இருந்து பார்த்தேன். வியர்த்துக் கொட்டியது, வீக்கம் அப்படியே இருந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குளிரில் விரல் நுனி சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, பிறகு நீலமாகி, சூடானதும் சிவந்து எரிகிறதா? அதற்கு ரேனோ என்று பெயர். லூபஸ், தோல் இறுகிப்போகும் ஸ்கிளீரோடெர்மா ஆட்களுக்கு அடிக்கடி வரும், டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது. கையுறை மட்டும் போதாது. மார்பும் வயிறும் குளிர்ந்தாலே விரலின் ரத்தக்குழாய் சுருங்கிவிடும். உள்ளே ஒரு பனியன், ஸ்வெட்டர், குல்லா, காலுறை. பிரிட்ஜைத் திறக்கக்கூடக் கையுறை போடுங்கள். மரத்துப்போன விரலைக் கொதிநீரில் விடாதீர்கள், சூடு தெரியாமல் வெந்துவிடும். முழங்கையால் தொட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக. பீடி சிகரெட் இதற்கும் எதிரி, முடக்குவாதத்துக்கும் எதிரி.

கொழுந்து பறிக்கிற அக்காமார்களுக்குக் காலைப் பனியில் நனைந்த செடிதான் பெரிய சிக்கல். என்னோடு சிகிச்சையில் இருந்த ஒருவர் துணிக் கையுறைக்கு மேல் ரப்பர் கையுறை போட்டுக்கொள்வார். பொழுது ஏறிய பிறகு வேலை தரும்படி கங்காணியிடம் டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்டு வாங்கினார். கேட்பதற்கே அவருக்கு ஒரு வருஷம் ஆனது.

எனக்குக் காலையில் வேலை செய்வது ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீர். பத்து நிமிஷம் கையை விட்டு, உள்ளேயே விரலை மடக்கி நீட்டி, ஒவ்வொரு விரலையும் கட்டைவிரலோடு தொட வேண்டும். மூட்டம் போட்ட நாளில் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் கை காயாதீர்கள். அந்தப் புகையில்லாத விஷக்காற்றால் தூக்கத்திலேயே இறந்தவர்கள் இந்த மலைகளில் உண்டு.

ஊட்டிக் கடைகளில் விற்கிற விண்டர்கிரீன் தைலத்தைத் தேய்த்தால் வலி கொஞ்சம் மறக்கும், தப்பில்லை. அது ஆஸ்பிரின் குடும்பம் என்பது தெரிந்திருக்க வேண்டும். புண்ணில் தடவக் கூடாது, தடவிய இடத்தில் வெந்நீர்ப் பை வைக்கக் கூடாது, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஒரு டீஸ்பூனைக் குழந்தை குடித்துவிட்டால் உயிர் போகும். எட்டாத அலமாரியில் வையுங்கள்.

வெயிலும் இங்கே ஏமாற்றும். சுடாது, ஆனால் 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். லூபஸ்காரர்கள் 'இதமான வெயில்' என்று புல்வெளியில் உட்கார்ந்தால் மறுநாள் முகமெல்லாம் தடிக்கும். அவர்களுக்குக் குடையும் அகலத் தொப்பியும். மற்றவர்களுக்கு வெயில் வேண்டும், மழை மாதங்களில் அதுவே கிடைக்காது, அதனால் வைட்டமின் டி அளவைப் பார்த்துவிடுங்கள். 60,000 யூனிட் மாத்திரை என்றால் வழக்கமாக வாரத்துக்கு ஒன்றுதான். தினமும் இல்லை.

நடையும் மற்றவையும்

மேடேறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலை அடிக்கும். ஒரு கைத்தடி, குறுக்குப் பாதையை விட்டுவிட்டு ரோடு, தினமும் 30 நிமிஷம். உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் சுமார் 4 கிலோ பாரம் குறையும். வீங்கிச் சிவந்த மூட்டுக்கு மட்டும் அன்று ஓய்வு.

பல் ஈறு நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டு, பல் டாக்டரைப் பாருங்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றிக் கேளுங்கள். உயிருள்ள கிருமி கலந்தவை நமக்கு ஆகாது. காய்ச்சல் வந்தால் அந்த வார மாத்திரையைப் போடும் முன் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று யாராவது எதையாவது நீட்டினால் வாங்காதீர்கள். நம் பிரச்சினையே அது கூடிப்போனதுதான். கொரோனா காலத்தில் சீந்தில் கஷாயம் குடித்து ஈரல் வீங்கியவர்களைப் பற்றி நம் நாட்டு டாக்டர்களே எழுதினார்கள், அவர்களில் சிலருக்கு ஏற்கெனவே ஆட்டோ இம்யூன் நோய் இருந்தது. குழம்பில் போடும் மஞ்சளுக்குக் குறையில்லை, மிளகுச்சாறு சேர்த்த மஞ்சள் மாத்திரை வேறு கதை, அதுவும் சிலருக்கு ஈரலைத் தாக்கியிருக்கிறது. பெயர் ஒட்டாத பொடி இரண்டே நாளில் வலியைப் போக்கினால் அதில் ஸ்டீராய்டு இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

மழைக்கு முன்

ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. மருந்து கீழேயிருந்துதான் வருகிறது. புரட்டாசி முடிவதற்குள் மூன்று வார மாத்திரையைக் கூடுதலாக வாங்கி, ரிப்போர்ட்டுகளின் நகலோடு ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கதவோரம் ஒரு பையில் மாட்டி வைக்கிறேன். ஒரு ஜோடி கையுறை, ஸ்டீல் ஃபிளாஸ்க், டார்ச். மருந்துப் பட்டியல் சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் என்ற பெயருக்கு நேராக 'ஞாயிறு மட்டும்' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். நீங்களும் உங்கள் கிழமையை எழுதுங்கள். நாம் படுத்திருக்கும் நேரத்தில் வேறு யாராவது எடுத்துக்கொடுக்க நேர்ந்தால், தினமும் கொடுத்துவிடக் கூடாது.